முதல் சுற்றில் மூத்த நட்சத்திரங்கள்: லெப்ரானுக்கு மினசோட்டா, கர்ரிக்கு ஹூஸ்டன் – யாருக்குக் கடினம்?

பழைய சென்டர் | 17 ஏப்ரல் 2025

என்.பி.ஏ. எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் பிளேஆஃபில் (முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி முன்னேறும் கோப்பைச் சுற்றுகளில்), மேற்குப் பிரிவின் முதல் சுற்றில் இரண்டு தொடர்களை நான் மிகவும் எதிர்பார்த்திருக்கிறேன். மூன்றாம் இடம் பிடித்த லெப்ரானின் லேக்கர்ஸ், ஆறாம் இடத்தில் உள்ள மினசோட்டாவைச் சந்திக்கிறது. பிளே-இன் எனும் தகுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸை 121-116 என வென்று ஏழாம் இடத்தைப் பெற்ற கர்ரியின் வாரியர்ஸ், இரண்டாம் இடத்தில் உள்ள ஹூஸ்டனைச் சந்திக்கிறது. ஒருபுறம் 40 வயது லெப்ரான் ஜேம்ஸ். மறுபுறம் 37 வயது ஸ்டீஃபன் கர்ரி, அவருக்குத் துணையாக 35 வயதான ஜிம்மி பட்லரும் டிரேமண்ட் கிரீனும். இந்த வயதில் இவர்களால் இன்னும் முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி போதவில்லை. லெப்ரான் இந்தப் பருவத்தில் 70 ஆட்டங்களில் சராசரியாக 24.4 புள்ளிகளும் 8.2 அசிஸ்ட்களும் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்கள்) எடுத்திருக்கிறார். கர்ரி இம்மாதம் முதல் தேதியன்று மெம்ஃபிஸுக்கு எதிராக 52 புள்ளிகள் குவித்தார். பந்தைக் கூடையில் சேர்க்கும் திறன் இருவருக்கும் குறையவில்லை. எதிரணி அவர்களை எந்த வேலையைச் செய்ய வைக்கப் போகிறது, அதே வேலையை ஒரு தொடர் முழுவதும் எத்தனை முறை செய்ய வைக்கப் போகிறது என்பதில்தான் இந்த விவாதம் தொடங்க வேண்டும்.

லேக்கர்ஸை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரித் தொடக்கத்தில் ஆந்தனி டேவிஸைக் கொடுத்து லூகா டான்சிச்சைப் பெற்ற அன்றே அந்த அணியின் கூடைக்கடியில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டாயிற்று. அதை நிரப்புவதற்காக ஷார்லட் அணியிடமிருந்து மார்க் வில்லியம்ஸைப் பெற ஒப்புக்கொண்டார்கள். உடற்பரிசோதனையின் முடிவு திருப்தி தராததால் அந்த டிரேட் (வீரர் பரிமாற்றம்) ரத்தாகிவிட்டது. எஞ்சியிருக்கும் சென்டர் (கூடைக்கடியில் நிற்கும் உயரமான வீரர்) ஜாக்சன் ஹேய்ஸ். எதிரே ரூடி கோபேர், ஜூலியஸ் ராண்டில், நாஸ் ரீட் என்று மூன்று பெரிய உடல்கள் வரிசையில் நிற்கின்றன. ஹேய்ஸ் வெளியே போகும் ஒவ்வொரு நிமிடமும் லெப்ரான்தான் கூடையைக் காக்கும் கடைசி ஆளாக நிற்க வேண்டியிருக்கும். நான் கல்லூரி அணியில் சென்டராக ஆடியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: ஓடி ஓடி வரும் களைப்பு வேறு, உங்களைவிட எடை கூடியவரை ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் (தவறி வரும் பந்தைப் பிடிப்பதற்கும்) முதுகால் தாங்கி நிறுத்துவதில் வரும் களைப்பு வேறு. முதல் வகைக் களைப்பு ஒரு டைம்-அவுட்டில் தணிந்துவிடும். இரண்டாவது வகை தொடையிலும் இடுப்பிலும் தங்கி, மறுநாள் காலையில்தான் தன் கணக்கைக் காட்டும்.

கர்ரியின் நிலை வேறு. ஏப்ரல் 6 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக அவர் எடுத்தது வெறும் 3 புள்ளிகள். எறிந்த 10 பந்துகளில் ஒன்றுதான் உள்ளே போயிற்று. ஹூஸ்டனின் ஆமென் தாம்சன் அவரை நிழல்போல் தொடர்ந்தார். ஆனாலும் வாரியர்ஸில் பட்லர் இருக்கிறார். கர்ரி பந்தின்றி நிற்கும்போதுகூட ஆட்டம் ஓடும். ஆகவே என் கணிப்பு, லேக்கர்ஸுக்குத்தான் ஆபத்து அதிகம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஊதா மஞ்சள் | 17 ஏப்ரல் 2025

பழைய சென்டர் அண்ணா, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தராசின் ஒரு தட்டை மட்டும் பார்க்கிறீர்கள். 22 பருவங்களாக ஆடிவரும் லெப்ரானுக்கு, அணியின் தாக்குதல் சுமையைத் தோளிலிருந்து இறக்கி வைக்க லூகா போன்ற ஒருவர் இதற்கு முன் கிடைத்ததில்லை என்றே நான் சொல்வேன். லூகா பந்தைக் கையாளும்போது லெப்ரான் மூலையில் நின்று இளைப்பாறலாம். தாக்குதலில் மிச்சமாகும் அந்தத் தெம்பைத் தடுப்பில் செலவிடலாம். கோபேரைப் பற்றியும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். லூகா டாலஸில் இருந்தபோது, சென்ற ஆண்டு இதே மினசோட்டாவை மேற்குப் பிரிவின் இறுதியில் 4-1 என வீழ்த்தினார். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கோபேரின் முகத்துக்கு நேராகவே வெற்றிக்கான மூன்று புள்ளி எறிதலைப் போட்டார். ஐந்து சிறிய வீரர்களைக் களத்தில் விரித்து நிறுத்தினால் கோபேரையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடலாம். லேக்கர்ஸ் 4-2 என்பது என் கணிப்பு.

ஆறாவது ஆள் | 18 ஏப்ரல் 2025

வயதைப் பற்றிப் பேசும்போது பழைய கதைகளையும் பார்க்க வேண்டும். 1985 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் லேக்கர்ஸை 148-114 என நசுக்கியது. 38 வயதான கரீம் அப்துல்-ஜப்பார் அன்று எடுத்தது 12 புள்ளிகளும் 3 ரீபவுண்டுகளும்தான். அவருடைய காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. மூன்று நாள் கழித்து நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அதே மனிதர் 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள், 8 அசிஸ்ட்கள் எடுத்தார். லேக்கர்ஸ் 4-2 எனக் கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. எனவே ஒரு ஆட்டத்தைப் பார்த்து மூத்த வீரருக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பழைய சென்டர் | 18 ஏப்ரல் 2025

நல்ல உதாரணத்தைக் கொண்டுவந்தீர்கள், நண்பரே. ஆனால் அதற்குள்ளேயே என் வாதமும் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே கரீமுக்கு இரண்டு முழு நாள் ஓய்வு கிடைத்தது. அத்துடன் அவருடைய வேலை கூடையைச் சுற்றிய சிறிய பரப்புக்குள் அடங்கியிருந்தது. அவரை எதிர்த்து நின்ற ராபர்ட் பாரிஷ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு அவரை அங்கே இழுக்கவில்லை. இன்றைய நாஸ் ரீட் ஒரு சென்டர். அவர் 7 மீட்டருக்கும் அப்பாலிருந்து தயங்காமல் எறிகிறார். இன்று கூடையைக் காக்கும் ஒருவர் ஒரே தடுப்பில் கூடைக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் இடையே இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கிறது. ஸ்கைஹூக் என்ற ஒரே எறிதலை வைத்துக்கொண்டு 42 வயது வரை ஆடிய கரீமின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய முழங்கால்களிடம் அன்றைய ஆட்டம் கேட்ட விலை வேறு, இன்றைய ஆட்டம் லெப்ரானிடம் கேட்கும் விலை வேறு.

ஓநாய்க் கூட்டம் | 20 ஏப்ரல் 2025

நான் மினியாபொலிஸில் வசிப்பவன், மினசோட்டா அணியான டிம்பர்வுல்வ்ஸின் ரசிகன். முதல் ஆட்டம் 117-95. லூகா 37 புள்ளிகள் எடுத்தும் எங்கள் அணி 21 மூன்று புள்ளிகளைப் போட்டது. ஜேடன் மெக்டேனியல்ஸ் 25, நாஸ் ரீட் 23. ஊதா மஞ்சள் நண்பர் கோபேரை வெளியேற்றுவது பற்றி எழுதியிருந்தார். கோபேர் வெளியே இருந்த நேரத்திலும் நாங்கள்தான் முன்னிலை வகித்தோம் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆறாம் இடம் என்ற எண்ணைப் பார்த்து எங்களை எடைபோட வேண்டாம். எங்களுக்கு 49 வெற்றிகள், லேக்கர்ஸுக்கு 50 வெற்றிகள். இடைவெளி அவ்வளவுதான்.

ஊதா மஞ்சள் | 23 ஏப்ரல் 2025

இரண்டாவது ஆட்டம் 94-85, லேக்கர்ஸ் வெற்றி. லூகா 31 புள்ளிகள். லெப்ரான் 21 புள்ளிகளும் 11 ரீபவுண்டுகளும் எடுத்தார். புள்ளிகளைவிட என்னைக் கவர்ந்தது அவருடைய தடுப்பு. பின்வரிசையில் நின்று யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையசைத்துக் கொண்டே இருந்தார். பந்து எங்கே வரப்போகிறது என்பதை மினசோட்டாவின் ஆந்தனி எட்வர்ட்ஸுக்கு முன்பே அவர் அறிந்து நகர்ந்த காட்சிகள் நான்கைந்து இருந்தன. கால் வேகம் குறைந்தவருக்குக் கண்ணும் அறிவும் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பழைய சென்டர் | 23 ஏப்ரல் 2025

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடுப்பாட்டத்தை இளம் வீரர்களுக்குப் பாடமாகக் காட்டலாம். அவர் அதை ஒரு இரவு செய்வார் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததே இல்லை. இனி மினியாபொலிஸில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன.

ஆறாவது ஆள் | 28 ஏப்ரல் 2025

நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து நான்காவது ஆட்டத்தைப் பார்த்தேன், இன்னும் மனம் அடங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் லெப்ரான் 38 புள்ளிகள் எடுத்தும், வயிற்று உபாதையுடன் ஆடிய லூகா 17 புள்ளிகளோடு நின்றுவிட்டதால் லேக்கர்ஸ் 116-104 எனத் தோற்றது. நான்காவது ஆட்டமோ கையில் இருந்த ஆட்டம். மூன்று கால் பகுதிகள் முடிந்தபோது லேக்கர்ஸ் 94-84 என முன்னிலையில் இருந்தது. முடிவு 116-113, மினசோட்டாவின் வெற்றி. ஆந்தனி எட்வர்ட்ஸ் 43 புள்ளிகள் எடுத்தார்.

எல்லோரும் பேச வேண்டியது லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக்கின் முடிவைப் பற்றி. லெப்ரான், லூகா, ஆஸ்டின் ரீவ்ஸ், ரூயி ஹச்சிமூரா, டோரியன் ஃபின்னி-ஸ்மித் ஆகிய ஐவரையும் இரண்டாம் பாதியின் 24 நிமிடங்களும் ஒரு மாற்று வீரர்கூட இல்லாமல் களத்தில் வைத்திருந்தார். பிளேஆஃப் ஆட்டத்தில் இப்படி நான் பார்த்ததில்லை.

ஊதா மஞ்சள் | 28 ஏப்ரல் 2025

ரெடிக்கைக் குறை சொல்லும் முன் அவருடைய இடத்தில் நின்று பாருங்கள். 1-2 எனப் பின்தங்கிய தொடர், எதிரணியின் அரங்கம். ஹேய்ஸைக் களமிறக்கினால் அவரைச் சுற்றியே எதிரணி புள்ளிகளைக் குவிக்கிறது. பெஞ்சில் இருந்த மற்றவர்களை இந்தத் தொடரில் நம்ப முடியவில்லை. மூன்றாவது கால் பகுதியில் அந்த ஐவரும் 10 புள்ளிகள் முன்னிலையைப் பெற்றுத் தந்தார்கள். வென்றுகொண்டிருக்கும் ஐவரை எந்தப் பயிற்சியாளர் கலைப்பார்? வென்றிருந்தால் இதே முடிவைத் துணிச்சல் என்று நாம் எழுதியிருப்போம்.

பழைய சென்டர் | 28 ஏப்ரல் 2025

தம்பி, நீங்கள் அணியை நேசிக்கிறீர்கள் என்பது புரிகிறது, ஆனாலும் இதில் உங்களோடு என்னால் உடன்பட முடியாது. ரெடிக்கிடம் நல்ல மாற்று வீரர்கள் இல்லை என்பது உண்மை. அதற்காக 40 வயதானவருக்கு இரண்டு நிமிட ஓய்வுகூடக் கொடுக்காமல் இருக்க முடியுமா? லெப்ரான் 46 நிமிடங்கள் ஆடி 27 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள், 8 அசிஸ்ட்கள் எடுத்தார். அவற்றில் கடைசிக் கால் பகுதியில் எடுத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. அந்த 12 நிமிடங்களை நான் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அவர் சோம்பவில்லை, ஒளியவும் இல்லை. ஒவ்வொரு தடுப்பிலும் கோபேரையோ ராண்டிலையோ தாங்கிப் பிடித்துவிட்டு, பந்து கைமாறியதும் மறுமுனைக்குப் போகும்போது மூன்று எட்டு பின்தங்கியே வந்தார். அவர் வந்து சேரும் முன் லூகா எறிய வேண்டியதாயிற்று, லூகாவும் களைத்திருந்தார். எட்வர்ட்ஸுக்கு வயது 23. அவருடைய கால்கள் அந்த நேரத்தில்தான் சூடு பிடித்தன. கடைசிக் கால் பகுதி 32-19 என்று போனதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதில் டிம் டங்கனின் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013-14 பருவத்தில் அவர் ஆடிய சான் அன்டோனியோவின் வீரர்களில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடங்களைத் தொடவில்லை. பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் அக்டோபரிலிருந்தே நிமிடங்களைச் சில்லறை போல எண்ணி எண்ணிச் செலவழித்தார். 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி ஆகியோரை ஊருக்கு அனுப்பிவிட்டதற்காக லீக் அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மனிதர் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. 2014 ஜூனில் 38 வயது டங்கன் மயாமியை 4-1 என வென்றபோது அவருடைய கால்களில் தெம்பு மிச்சம் இருந்தது. ஏப்ரல் மாத இரவு ஒன்றில் 46 நிமிடம் ஆட வைத்து அதைப் பெற முடியாது.

ஊதா மஞ்சள் | 28 ஏப்ரல் 2025

போப்போவிச்சிடம் போரிஸ் டியா, பேட்டி மில்ஸ், ஜினோபிலி என்று ஒரு பெஞ்ச் இருந்தது. ரெடிக்கிடம் என்ன இருந்தது? டங்கனை ஓய்வெடுக்க விட்ட பெருமை போப்போவிச்சுக்கு மட்டுமன்று, அந்த அணியைக் கட்டியவர்களுக்கும் உரியது. அதேபோல இன்றைய குறைக்கும் ரெடிக்கை மட்டும் பொறுப்பாக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பழைய சென்டர் | 28 ஏப்ரல் 2025

இந்தப் பதிலை ஏற்கிறேன். மார்க் வில்லியம்ஸ் வராமல் போன அந்தப் பிப்ரவரி நாளில்தான் இந்தத் தொடரின் பெரும்பகுதி முடிவாகிவிட்டது என்று நானும் நினைக்கிறேன். இருந்தாலும் இரண்டு நிமிட ஓய்வு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

ஓநாய்க் கூட்டம் | 1 மே 2025

103-96. தொடர் 4-1, மினசோட்டாவுக்கு.

இந்த ஆட்டத்தின் எண்களை நான் எழுதினால் நம்ப மறுப்பீர்கள். நாங்கள் எறிந்த 47 மூன்று புள்ளி எறிதல்களில் 7 மட்டுமே உள்ளே போயின. பொதுவாக அப்படி எறியும் அணி பிளேஆஃப் ஆட்டத்தில் 20 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கும். நாங்கள் வென்றோம், காரணம் ரூடி கோபேர். 27 புள்ளிகள், 24 ரீபவுண்டுகள். எங்கள் வீரர்கள் தவறவிட்ட பந்து ஒவ்வொன்றும் அவருடைய கைக்கே வந்து சேர்ந்தது போலிருந்தது. லேக்கர்ஸ் ஹேய்ஸை உட்கார வைத்துவிட்டுச் சென்டரே இல்லாமல் தொடங்கியது. தொடர் முழுவதும் கோபேரை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. அவருக்காக நான் மிகவும் மகிழ்கிறேன்.

ஊதா மஞ்சள் | 1 மே 2025

மே தின விடுமுறை என்பதால் காலை ஏழரை மணியிலிருந்து வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. லெப்ரான் 22 புள்ளிகள் எடுத்தார்; ஆட்டத்தின் பிற்பகுதியில் முழங்காலில் அடிபட்டும் திரும்பி வந்து ஆடினார். முதல் நாள் 4-2 என்று கணித்தவன் நான். சிறிய ஐவரை வைத்துக் கோபேரை வெளியேற்றலாம் என்று எழுதியவனும் நான்தான். அந்தக் கணிப்பு தவறாகிவிட்டது. சென்ற ஆண்டு டாலஸில் லூகாவுக்குப் பின்னால் டேனியல் காஃபோர்ட், டெரெக் லைவ்லி என்று கூடையைக் காக்க இரண்டு சென்டர்கள் இருந்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. லூகாவின் எறிதல் மட்டும் என் நினைவில் நின்றது.

ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாளை லெப்ரான் கிழவராகிவிட்டார் என்று எழுதப் போகிறவர்கள், ஐந்து ஆட்டங்களிலும் அவர் யாரைத் தடுத்தார் என்பதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

ஆறாவது ஆள் | 5 மே 2025

லேக்கர்ஸ் பேச்சு ஓய்ந்த நிலையில், இந்த இழையின் மறுபாதிக்கு வருவோம். வாரியர்ஸ் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டனை அதன் சொந்த அரங்கில் 103-89 என வென்றுவிட்டது. பட்டி ஹீல்ட் 33 புள்ளிகள். மூன்று புள்ளி எறிதல் மட்டும் 9. கர்ரி முதல் பாதியில் தடுமாறினாலும் 22 புள்ளிகள், 10 ரீபவுண்டுகள், 7 அசிஸ்ட்களுடன் முடித்தார்.

3-1 என முன்னிலையில் இருந்த அணி ஏழாவது ஆட்டம் வரை இழுபட்டது ஏன் என்பதும் பேசத்தக்கது. ஆறாவது ஆட்டத்தில் ஸ்டீவன் ஆடம்ஸையும் அல்பெரன் ஷெங்குனையும் சேர்த்து நிறுத்தி, ஹூஸ்டன் பயிற்சியாளர் இமே உடோகா ஸோன் தடுப்பை (ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைக் காக்கும் தடுப்பை) வைத்தபோது வாரியர்ஸுக்கு மூச்சு முட்டியது. ஆடம்ஸ் 17 புள்ளிகள் எடுத்தார். இரண்டு மலைகளுக்கு நடுவே 35 வயது கிரீன் ரீபவுண்டுக்குத் தவித்ததைப் பார்த்தபோது, பழைய சென்டர் முதல் பதிவில் சொன்னது லேக்கர்ஸுக்கு மட்டும் பொருந்துவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

வளைகுடாப் பாலம் | 5 மே 2025

வாரியர்ஸ் ரசிகனாக முதன்முறையாக இந்த இழையில் எழுதுகிறேன். மகிழ்ச்சி இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஐந்தாவது ஆட்டத்தில் மூன்றாம் கால் பகுதியிலேயே எங்கள் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் தன் முதன்மை வீரர்களை உட்கார வைத்தார். 131-116 எனத் தோற்றாலும் அவர்களுடைய கால்களைக் காப்பாற்றலாம் என்பது அவருடைய கணக்கு. பழைய சென்டர் ரெடிக்கிடம் எதிர்பார்த்தது இதைத்தான். அப்படியும் ஏழு ஆட்டங்கள் தேவைப்பட்டன. ஆமென் தாம்சன், டில்லன் புரூக்ஸ், ஃப்ரெட் வான்விளீட் ஆகியோர் மாறி மாறிக் கர்ரியின் மேல் விழுந்தார்கள். கர்ரி பந்தின்றி ஓடும்போது அவருடைய இடுப்பில், தோளில், முழங்கையில் விழும் ஒவ்வொரு இடியும் எண்களில் வராது.

மினசோட்டாவுடன் முதல் ஆட்டம் மே 6. நமக்கு இடையில் ஒரே ஒரு நாள். அவர்கள் ஏப்ரல் 30 அன்றே லேக்கர்ஸை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

வளைகுடாப் பாலம் | 7 மே 2025

99-88 என வென்றுவிட்டோம். ஆனால் இரண்டாம் கால் பகுதியில் கர்ரி இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பவில்லை. 13 நிமிடங்களில் 13 புள்ளிகள் எடுத்திருந்தார். ஹாம்ஸ்ட்ரிங் பாதிப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். வெற்றி பெற்ற நாளில் இவ்வளவு கனத்த மனத்தோடு நான் எழுதியதில்லை.

ஊதா மஞ்சள் | 7 மே 2025

எதிரணி ரசிகன் என்றாலும் மனம் வலிக்கிறது. 2018இல் வாரியர்ஸுக்கு எதிராக ஹூஸ்டன் 3-2 என முன்னிலை பெற்ற ஐந்தாவது ஆட்டத்தின் இறுதியில் ஹூஸ்டனின் கிறிஸ் பால் இதேபோல் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. அன்று அதனால் பயனடைந்தது வாரியர்ஸ். பாலுக்கு அப்போது 33 வயது. அவர் அந்தத் தொடரில் மறுபடி ஆடவில்லை, அதன்பின் இன்றுவரை கோப்பையைத் தொடவும் இல்லை.

ஓநாய்க் கூட்டம் | 15 மே 2025

முதல் ஆட்டத்தைத் தோற்ற பிறகு நான்கையும் வென்று 4-1 என மேற்குப் பிரிவின் இறுதிக்குப் போகிறோம். கர்ரி ஒரு ஆட்டத்தில்கூடத் திரும்பி வரவில்லை. அவர் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். முதல் ஆட்டத்தில் எங்கள் எறிதல்கள் படுமோசமாக இருந்தன. அது தொடர்ந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் கர்ரி இருக்கும் தொடரை நான்கு நேர் வெற்றிகளில் முடித்திருப்போம் என்று நான் சொல்ல மாட்டேன். கர்ரியுடன் வாரியர்ஸைச் சந்தித்து வென்றிருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

பழைய சென்டர் | 15 மே 2025

இந்த இழையை நான் தொடங்கியபோது லேக்கர்ஸ் மீதுதான் என் கவலை இருந்தது. கர்ரியைப் பற்றி இரண்டு வரிகளில் முடித்துவிட்டேன். அங்கே நான் தவறிவிட்டேன், எனவே இப்போது அதைச் சரியாக எழுத முயல்கிறேன்.

கர்ரியின் தசை மே 6 அன்று கிழிந்தது என்று நாம் சொல்கிறோம். அதற்கான காரணத்தைத் தேடி நான் பின்னோக்கிப் போனால் குளிர்காலத்துக்குப் போய்ச் சேருகிறேன். பருவத்தின் நடுவே பட்லர் வருவதற்கு முன் வாரியர்ஸ் 25 வெற்றி, 26 தோல்வி என்று இருந்தது. அவர் வந்த பின் 23 வெற்றி, 8 தோல்வி. அந்த 31 ஆட்டங்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றையும் அவர்கள் பிளேஆஃப் ஆட்டம் போலவே ஆட வேண்டியிருந்தது. ஏனெனில் ஒரு தோல்வியில் இரண்டு மூன்று இடங்கள் சரியும் நிலைமை மேற்கில் இருந்தது. ஏப்ரல் 13 அன்று கிளிப்பர்ஸிடம் கூடுதல் நேரத்தில் 124-119 எனத் தோற்றதால் ஏழாம் இடத்துக்கு இறங்கினார்கள். அதனால் பிளே-இன் என்ற ஓர் உபரி ஆட்டம். அதில் பட்லர் 38 புள்ளிகளும் கர்ரி 37 புள்ளிகளும் எடுத்துத்தான் கரை சேர முடிந்தது. அதன் பிறகு லீகிலேயே உடல்பலம் மிகுந்த அணிகளில் ஒன்றான ஹூஸ்டனுடன் ஏழு ஆட்டங்கள். பிறகு ஒரு நாள் இடைவெளியில் விமானம் ஏறி மினியாபொலிஸ். 25 வயதில் இந்தப் பாதையை ஒருவர் கடந்துவிடலாம். 37 வயதில் அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் தசை கேட்காமல் போய்விடுகிறது.

இதற்கு முன் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்திருக்கிறேன். 2013 ஏப்ரலில் 34 வயது கோபி பிரையன்ட், லேக்கர்ஸை எப்படியாவது பிளேஆஃபுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் களத்தை விட்டு வெளியே வராமல் ஆடினார். ஏப்ரல் 10 அன்று போர்ட்லண்டில் 48 நிமிடங்களும் ஆடி 47 புள்ளிகள் எடுத்தார். இரண்டே நாளில், ஏப்ரல் 12 அன்று, இதே வாரியர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த நிலையிலும் நடந்து வந்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டுவிட்டுப் போனார். லேக்கர்ஸுக்குக் கிடைத்த இடம் ஏழாம் இடம். முதல் சுற்றில் சான் அன்டோனியோ 4-0 என வென்றது. கோபி அதன்பின் பழைய கோபியாகத் திரும்பி வரவே இல்லை. 2013 லேக்கர்ஸும் ஏழாம் இடம், 2025 வாரியர்ஸும் ஏழாம் இடம். அந்த ஏழாம் இடத்துக்கான விலையை அணியின் மூத்தவரின் கால் கொடுத்தது.

லெப்ரானின் தோல்வியும் கர்ரியின் தோல்வியும் வெளியே பார்க்க 1-4 என்று ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் லெப்ரானுக்கு எதிரணி அமைந்த விதம் வினையாயிற்று. கர்ரிக்கோ எதிரணியைச் சந்திக்கும் முன் கடந்து வந்த வழியே வினையாயிற்று. ஊதா மஞ்சள் தம்பி சொன்னது போல லேக்கர்ஸ் கோடையில் ஒரு சென்டரைத் தேடிப் பிடித்தால் அவர்களுடைய நோய் பெருமளவு தீரும். வாரியர்ஸின் நோய்க்கு அப்படி ஒரே ஆளை மருந்தாக என்னால் காண முடியவில்லை.

வளைகுடாப் பாலம் | 15 மே 2025

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அண்ணா. வருத்தம் இருந்தாலும் மறுக்க ஒன்றும் இல்லை. வாரியர்ஸின் மருந்து டிசம்பரில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பட்லர் முதல் நாளிலிருந்தே அணியில் இருந்தால் முதல் 51 ஆட்டங்களில் 25 வெற்றிகளோடு நிற்க வேண்டிய நிலை வராது. முதல் நான்கு இடங்களுக்குள் முடித்தால் பிளே-இன் இல்லை, முதல் சுற்று சொந்த அரங்கில் தொடங்கும், மார்ச்சில் கர்ரியை அவ்வப்போது உட்கார வைக்கவும் முடியும்.

ஆறாவது ஆள் | 15 மே 2025

உட்கார வைப்பதில் விதிமுறைச் சிக்கலும் உண்டு. 2023-24 பருவத்திலிருந்து நட்சத்திர வீரர்களுக்கு நினைத்தபோது ஓய்வு கொடுக்க முடியாதபடி லீக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆனால் பருவத்தின் தொடக்க நாளில் 35 வயது நிறைந்தவர்களுக்கு, அடுத்தடுத்த நாள்களில் வரும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றை விட்டுவிட முன்அனுமதி பெறலாம். வாரியர்ஸில் கர்ரி, பட்லர், கிரீன் மூவருமே அடுத்த அக்டோபரில் அந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். அவர்களில் யாரை எந்த இரவில் விடுவது என்பதுதான் கெருக்குச் சிக்கலாக இருக்கும்; மூவரில் இருவர் இல்லாத இரவு ஒவ்வொன்றிலும் தோல்விக்கான வாய்ப்பு கூடும், தோல்வி கூடினால் மறுபடி ஏழாம் இடம்.

வளைகுடாப் பாலம் | 15 மே 2025

அதனால்தான் ஆகஸ்டில் அட்டவணை வெளியானதும் வெற்றி தோல்விக் கணிப்பை நான் எழுதப் போவதில்லை. அடுத்தடுத்த நாள்களில் வரும் ஆட்டங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பயணத்தோடு வருகின்றன, ஜனவரிக்கு முன் எத்தனை வருகின்றன என்று முதலில் எண்ணி இங்கே பதிகிறேன். கர்ரிக்கு அப்போது 38 வயதை எட்ட ஏழு மாதம் இருக்கும்.